தொட்டியில் ஆறு மீன்

— அண்ணே, எத்தனை தடவைதான் எண்ணுவீங்க? நேத்தும் ஆறு, இன்னைக்கும் ஆறு.

— எண்ணிக்கை சரிதான் தங்கச்சி... ஆனா இந்தப் பெருசுக்கு வால்ல ஒரு கருப்புப் புள்ளி இருந்துச்சே, எங்கே போச்சு?

— அது... உதிர்ந்திருக்கும்.

— புள்ளி உதிருமா?

— ஏன், உங்க தலையில முடி உதிரலையா?

— என் தலைய எதுக்கு இழுக்கறே?

— நீங்க எதுக்கு மீன் வாலை இழுக்கறீங்க? நீங்க ஆபரேட்டர், போய் மோட்டாரைப் பாருங்க. நான் லேப், மீனை நான் பாத்துக்கறேன். பெரிய இன்ஜினியர் பதினோரு மணிக்கு வந்துருவாரு.

— அதை நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

— கலக்கட்டும். அதுக்கு நம்மகிட்ட இடமா இல்லை? ஊரே இங்கதான அனுப்புது.

— சிரிக்காதே. ஊர்க் கக்கூஸ் தண்ணி மொத்தத்தையும் நாம சுத்தம் பண்றோம். அவரு என்ன சொன்னாரு? "இந்தத் தொட்டியில உங்க தண்ணிய ஊத்தி ஆறு மீன் விடுங்க. ஒரு மாசம் உயிரோட இருந்தா தண்ணி பூங்காவுக்குப் போகட்டும். செத்துச்சுன்னா பிளான்ட்டை மூடிடலாம்."

— இன்னைக்கு முப்பதாவது நாள். முடிஞ்சுது போங்க.

— மூடிட்டா என்னை ஆபீஸ்ல உக்கார வெச்சுருவாங்களாம். ஃபேன் காத்துல, சும்மா. பதினெட்டு வருஷம் தங்கச்சி... கருப்பா வர்ற தண்ணி கண்ணாடியாட்டம் வெளிய போறதைப் பாக்காம எனக்கு ஒரு நாள் கழியாது.

— தெரியும்ணே. அதனாலதான்...

— அதனாலதான்?

— ஒண்ணுமில்லை.

— உன் கைப்பையில என்ன சொட்டுது?

— தண்ணி பாட்டில்.

— தண்ணி பாட்டில் துள்ளுமா?

— மூடி லூசு, அதான்...

— திற.

— பொம்பளை கைப்பையைப் போயி...

— தங்கச்சி, அது உள்ளேயிருந்து உதைக்குது. திற!

— சரி, சரி! மீன்தான். போதுமா? ஸ்பேர்.

— மீனுக்கு ஸ்பேரா!

— மோட்டாருக்கு ரெண்டு வெச்சிருக்கீங்கல்ல? நீங்க பம்ப் ரூமுக்குப் போற நேரமாப் பாத்து, செத்ததை எடுத்துட்டு வேற விட்டுருவேன். இதுவரைக்கும் எட்டு தடவை.

— எட்டு தடவையா? எனக்குத் தெரியாமலா?

— "பெருசு என்ன இளைச்சுப் போச்சு"ன்னு போன வாரம் கேட்டீங்க. டயட்ல இருக்குன்னு சொன்னேன், நம்பினீங்க. மீன் கடைக்காரரு பாவம், வீட்டுல எத்தனை பூனைன்னு கேக்கறாரு.

— அப்போ... நம்ம தண்ணி மீனைக் கொல்லுதா?

— அதாண்ணே புரியலை! மூணு மூணு தடவை டெஸ்ட் பண்ணிட்டேன், வெளிய போற தண்ணி அவ்வளவு சுத்தம். ஆனா திங்களும் வியாழனும் பாத்து சாகுதுங்க. என்னமோ டியூட்டி போட்ட மாதிரி!

— திங்களும்... வியாழனுமா?

— ஆமா. கடைக்காரரு சொல்றாரு, "குழாய்த் தண்ணியில விட்டிருப்பீங்கம்மா. அதுல குளோரின் இருக்கும், மீன் தாங்காது"ன்னு. வந்துச்சே எனக்குக் கோபம்! "எங்க தொட்டியில ஒரு சொட்டு குழாய்த் தண்ணி கிடையாது. அவ்வளவும் எங்க அண்ணன் சுத்தம் பண்ண தண்ணி"ன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிட்டு வந்தேன்.

— அப்படியா... சொன்னே?

— தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னேன். ஏண்ணே உங்களுக்கு இப்படி வேர்க்குது?

— இன்னைக்கு என்ன கிழமை?

— வியாழன்... ஐயோ, பெருசு மேல வந்து வாயைப் பிளக்குது! கேட்ல ஹார்ன் சத்தம் வேற... அண்ணே, வாளியைத் தூக்கிட்டு எங்கே ஓடறீங்க?

— நம்ம தண்ணிய மொண்டுட்டு வரத்தான்! குடிதண்ணி வர்றது திங்களும் வியாழனும்தானே... நம்ம தண்ணியில மீன் எங்கே செத்துருமோன்னு பயந்து, காலங்காத்தால யாரும் வர்றதுக்கு முன்னாடி தொட்டியைக் காலி பண்ணிக் குழாய்த் தண்ணி ரொப்பினது நான்தான் தங்கச்சி!