கையெழுத்தைத் திருப்பிக் கேட்கப் போன அக்கா

நமுனுகுலவிலிருந்து பதுளைக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த அக்கா சொன்னார்: "கவர்மெண்டு ஆபீசு கச்சேரியில என் கையெழுத்தத் திருப்பிக் கேக்கப் போறேன்."

பக்கத்திலிருந்தவள் சிரித்தாள். "போட்டதக் குடுப்பாங்களாக்கா?"

"தோட்டத்துல வேலைக்குப் பேர் பதியிற காலைப் பெரட்டுல தாள நீட்டுனாங்க. கம்பளி குடுக்கத்தான்னு நெனச்சுப் போட்டேன். பாத்தா, எங்க வீட்டு லயத்துக்குப் பின்னால வெறகு எரிச்சுக் கரண்டு எடுக்கிற பெக்டரிக்கு நாங்க சம்மதமாம்! எம் மகளுக்கு ஏற்கனவே மூச்சு இழுப்பு."

"தோட்டத்துத் தொர என்னா சொல்றாரு?"

"கச்சேரியக் கேளுங்கிறாரு. கச்சேரி தொரையக் கேளுங்குது. அதான், 'பொகையால புள்ளைக்கு ஏதும் ஆனா நாந்தான் பொறுப்பு'ன்னு எழுதிக் கொண்டாந்திருக்கேன். அங்க பெரியய்யா அதுல கையெழுத்துப் போடட்டும்."

"போடாட்டி?"

"ரெண்டு நேரச் சோறு கட்டியாந்திருக்கேன்டி."

அதே கச்சேரியில் கிளார்க்கான நான், இன்றைக்கு லீவு போட்டுவிடலாமா என்று யோசித்தேன்.