முத்திரை விழாத சீட்டு

நான் சொல்வது அத்தனையும் சத்தியம். நீங்கள் வாங்கிக் கொடுத்த இந்தச் சர்க்கரையில்லாத தேநீர் மீது ஆணை. அறுபத்தெட்டு வயதில் பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொள்வது யார்?

தொழிற்சாலையில் என் வேலை சின்னது. எந்த இயந்திரத்தை நிறுத்துவதானாலும் ஆங்கிலத்தில் சீட்டு எழுதி என் மேஜைக்கு அனுப்ப வேண்டும். முதலாளி போட்ட விதி. பிழையிருந்தால் சிவப்பு வட்டமிட்டுத் திருப்புவேன். இல்லையென்றால் முத்திரை. முத்திரை இல்லாத சீட்டை மேலாளர் தொடமாட்டார். எரிபொருளை அடைக்கும் சாவியோ அவரிடம்.

என்னை 'வட்டம்' என்றே கூப்பிடுவார்கள். எழுவாய் ஒருமையாக இருந்து வினை பன்மையாக வந்தால் எனக்குத் தொண்டையில் முள் குத்தும். அழைப்பிதழைப் பிழை திருத்த அச்சகத்துக்கு மூன்று முறை திருப்பியனுப்பியதில் என் கல்யாணமே ஒரு மாதம் தள்ளிப்போனது. பிறகு மனைவியின் கல்லறைக் கல்லிலும் ஒரு வினைச்சொல் பிசகியது. கல்லைத் திருத்தும்வரை அடக்கத்தை நிறுத்திவைத்தேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

மகளைக் கட்டியவர் அங்கேயே பாய்லர் மெக்கானிக். கை தங்கம், ஆங்கிலம் தகரம். நான்கு வருஷமாக அவர் சீட்டெல்லாம் அம்மை போட்ட முகம்போல் திரும்பிப் போயின. பொறுக்காமல் மகளே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். போன மாதம், சாப்பாட்டு அறையில் நான் ஒட்டியிருந்த அறிவிப்பின் முன்னால் அவர் நின்றார்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. 'எவ்ரி ஒர்க்கர்'னு போட்டா பின்னால 'ஆர்' வராதாமே? உங்க பொண்ணுதான் சொன்னா."

"அடேங்கப்பா, வட்டத்துக்கே வட்டமா!" என்றார் யாரோ. அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றே மறந்துவிட்டேன். பெருந்தன்மை என் கூடப்பிறந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவர் சீட்டோடு ஓடிவந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"மாமா, பிரஷர் ஏறிக்கிட்டே போகுது, வால்வு திறக்கல. சீக்கிரம் முத்திரை போடுங்க. உள்ள அஞ்சு பேரு நிக்கிறாங்க."

"வச்சிட்டுப் போங்க மாப்பிள்ளை. பாத்து அனுப்பறேன்."

என்னை நம்பித்தான் அந்த ஐந்து பேரிடம் திரும்பி ஓடினார்.

நான் கண்ணாடியைத் துடைத்தேன். பேனாவுக்கு மை நிரப்பினேன். இரண்டே வரி, இரண்டு முறை படித்தேன். நிதானமாக ஒரு வட்டம் போட்டு, திருப்பி அனுப்பும் தட்டில் வைத்தேன். பத்து இருபதுக்கு ஜன்னல் கண்ணாடியெல்லாம் என் மேஜைமேல் வந்து விழுந்தது. ஆறு பேர்.

மகள் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "அப்பா, அவரு அதுல என்னப்பா தப்பா எழுதியிருந்தாரு?"

விதி என்றால் விதிதான் என்றேன். ஒருவருக்காக வளைத்தால், அதுவும் சொந்த மாப்பிள்ளைக்காக வளைத்தால், ஊர் என்ன சொல்லும்? மொழி ஒழுங்காக இல்லாத இடத்தில் உயிருக்கு மட்டும் என்ன பத்திரம்? என்னிடம் பகை இல்லை. திருத்துவது என் வேலை; செய்தேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்களும் மகள் கேட்டதையே கேட்கிறீர்கள். சீட்டை என் முன்னால் வைத்து மூன்று நாளாகிறது. வட்டம் அழகாகத்தான் விழுந்திருக்கிறது.

சீட்டில் பிழை எதுவும் இல்லை.