வரிசையா நாலு பச்சை

...எல்லார்கிட்டயும் பேசறார்ம்மா. அதான் எனக்குத் தாங்கல. என்கிட்ட மட்டும் வாயே திறக்க மாட்டேங்கறார். மிரரப் பாருங்க. பாத்தாச்சா? இண்டிகேட்டர் போட்டுட்டு மெதுவா வெளிய எடுங்க. மெதுவா... கிளட்ச்ச விடறதுல என்ன அவசரம், அது எங்கயும் ஓடிடாது. பாருங்க, வண்டி நின்னு போச்சு. பரவால்ல, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க. பின்னாடி ஹாரன் அடிக்கறவனப் பாக்காதீங்க. அவன் பொறக்கும்போதே லைசென்ஸோட பொறந்தவன்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், கர்த்தர். எங்க சர்ச்சுல மொத்தம் நூத்திப் பத்து பேரு. அதுல நூத்தி ஒம்பது பேர்கிட்ட பேசறார். ஞாயிறு பள்ளி டீச்சரம்மா இருக்காங்களே, அவங்களுக்கு பார்க்கிங்குக்கு இடம் காட்டித் தர்றாராம். "கர்த்தரே, ஒரு இடம்"னு சொல்லுவாங்களாம், உடனே ஒருத்தன் வண்டிய எடுத்துட்டுப் போவானாம். இருபத்தாறு வருஷமா ஊருக்கே பார்க்கிங் சொல்லித் தர்றவ நான். எனக்கு ஒரு நாளும் காட்டித் தந்ததில்ல. நான் மூணு சுத்து சுத்தித்தான் நிறுத்தறேன்.

அத விடுங்க. பாட்டுக்குழு அம்மா வீட்டுக்கு திரைச்சீலை வாங்கப் போனாங்களாம். மூணு கடை ஏறி இறங்கி, கலர் முடிவு பண்ண முடியாம நின்னப்ப, உள்ளுக்குள்ள ஒரு மெல்லிய சத்தமாம். 'நீலம்.' போன ஞாயித்துக்கிழமை, கர்த்தர் செஞ்சதுன்னு எல்லார் முன்னாடியும் சாட்சி சொன்னாங்க. சர்ச்சே எழுந்து நின்னு ஸ்தோத்திரம் சொல்லுச்சு. நான் அவங்க வீட்டுக்குப் போய் அந்த நீலத்தப் பாத்துட்டு வந்தேன்ம்மா. அவர் சொல்லியிருக்க மாட்டார்.

ரெண்டாவது கியர். இன்னும் ஒண்ணாவதுலயே கத்த விட்டுட்டிருக்கீங்க. ம், அப்படி. இப்ப வண்டி சந்தோஷமா போகுது பாருங்க.

நான் என்ன பெருசாவா கேட்டேன்? எதிர்காலத்தக் கேட்டேனா, தரிசனம் கேட்டேனா? ஒரே ஒரு வார்த்தை. நாளைக்குக் காலைல என் அண்ணன் ஃப்ளைட் ஏறறார். பொண்ணு வீட்டோட போய் இருக்கப் போறார், அண்ணியும்தான். திரும்பி வர்ற யோசனையே இல்லையாம், வீட்டையும் காலி பண்ணியாச்சு. போய்ப் பாக்கணுமா, வேண்டாமா? ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. மூணு வருஷமா நாங்க பேசிக்கல. கர்த்தர் சொல்லாம நான் எப்படிப் போறது? நானா போய் அங்க ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?

சண்டையா? சண்டையெல்லாம் ஒண்ணுமில்லம்மா. சர்ச்சுல ஒரு சின்ன சாட்சி சொன்னேன். அண்ணன் அதத் தப்பா எடுத்துக்கிட்டார். சில பேருக்கு நல்லது சொன்னாலும் பொறுக்காது... சைக்கிள்காரர், சைக்கிள்காரர். இடைவெளி விட்டுப் போங்க, அவர் உங்க கண்ணாடில மொகம் பாக்கற தூரத்துல இருக்கார்.

பாஸ்டர் ஐயாகிட்ட போய் நின்னேன். அவர் என் மொகத்தப் பாத்தார், கூரையப் பாத்தார், சபைக்கே நாப்பது நாள் காத்திருப்புன்னு அறிவிச்சிட்டார். தெனம் காலைல அரை மணி நேரம், ஒரு நோட்டு, ஒரு பேனா, வாயத் திறக்கக் கூடாது. நோட்டுல இடது பக்கம் கர்த்தர் சொன்னது, வலது பக்கம் மனசு அலைஞ்சது. அலையறத எழுதி எறக்கி வச்சிட்டா அது திரும்ப வந்து தொந்தரவு பண்ணாதாம். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லல. எங்க வீட்டுக்காரர்தான் சிரிச்சார். இந்த வீட்டுல இருபத்தெட்டு வருஷமா குறுக்க ஒரு வார்த்தை பேச எனக்கே சந்து கிடைக்கல, பாவம் கர்த்தர் எப்படிப் பேசுவார்னார். இந்த மனுஷன் பிரசங்கம் ஆரம்பிச்ச மூணாவது நிமிஷம் தூங்கறவர். இவருக்குக் கனவுல பேசறாராம், அதும் தெளிவா.

ரவுண்டானா வருது. பயப்படாதீங்க. வேகத்தக் கொறைங்க, உள்ள சுத்தறவங்களுக்கு வழி விடுங்க. இப்ப போலாம்... போலாம்... போலாம்மா, அவங்க எல்லாரும் வீட்டுக்கே போய்ச் சேந்துட்டாங்க. ம். பிரேக் அடிச்சது நீங்க இல்ல, நான்தான். என் காலுக்கடியில ஒண்ணு இருக்கு, தெரியுமில்ல? அந்த லாரிக்காரர் உங்களக் கவனிச்ச மாதிரி எனக்குத் தெரியல, அதான்.

நாப்பது நாள். இன்னைக்கோட முடிஞ்சுது. இடது பக்கம் நாப்பதும் வெள்ளை வெளேர்னு கெடக்கு. புது நோட்டு மாதிரி, யாருக்காவது பரிசாவே குடுக்கலாம். மத்தவங்கல்லாம் இடது பக்கம் பத்தாம அடிஷனல் தாள் ஒட்டியிருக்காங்க.

சரி, வாயால பேசத்தான் கூச்சமா இருக்கு போல, அடையாளமாவது காட்டட்டும்னு பாத்தேன். எனக்குத் தெரிஞ்ச அடையாளம் என்ன இருக்கு? ரோடுதான். போன செவ்வாக்கிழமை சொன்னேன், 'ஆண்டவரே, மெயின் ரோட்டுல வரிசையா மூணு சிக்னல் பச்சையா கிடைச்சா அண்ணன் வீட்டுக்குப் போறேன்.' மூணும் பச்சை. எனக்கு சந்தேகம், மூணுன்னா யாருக்கு வேணா கிடைக்கும். புதன்கிழமை நாலு கேட்டேன். நாலும் பச்சை. நாலாவதுல மஞ்சள் விழும் விழும்னு நான் வேகத்தக் கொறைச்சுக்கூடப் பாத்தேன், விழல. நீங்க கணக்கு டீச்சர், நீங்களே சொல்லுங்க, அதுக்கு எவ்வளவு வாய்ப்பு? வேணாம் வேணாம், இப்ப சொல்லாதீங்க, ரோட்டப் பாருங்க. நான் நகராட்சிக்கு ஃபோன் பண்ணேன். சிக்னல் எல்லாத்தையும் ஒண்ணா ஓடற மாதிரி மாத்திட்டீங்களான்னு கேட்டேன். அப்படி எதுவும் பண்ணலம்மான்னாங்க. அந்த ஆள் புதுசா வேலைக்குச் சேந்தவர் மாதிரி இருந்துச்சு. அவருக்கு என்ன தெரியும்?

மருந்துக்கடை தாண்டி இடது பக்கம் திரும்புங்க. ஆமா, அதே தெருதான்.

நோட்டுல வலது பக்கமா? வலது பக்கத்துல என்ன இருக்கும், குப்பைதான். டயருக்குக் காத்து அடிக்கணும். பல் டாக்டருக்கு ஃபோன் பண்ணணும். அண்ணனப் போய்ப் பாக்கணும். ரெண்டாவது நாள், தண்ணி வடிகட்டி மாத்தணும், அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அப்பறம் தெனமும் அதேதான்னு வைங்களேன். அண்ணன்கிட்ட போ, அண்ணன்கிட்ட போன்னு ஒரே நச்சரிப்பு. உக்காந்து கண்ண மூடினா போதும், மொத ஆளா இது வந்து நிக்கும். கர்த்தர் பேசறதுக்கு நான் எடத்த ஒழிச்சு வச்சா, இது வந்து காலை நீட்டி உக்காந்துக்கும். எழுதி எழுதி எறக்கறேன், எறங்க மாட்டேங்குது. வலது பக்கம் நாப்பது நாளும் அதையே எழுதி கை வலிச்சதுதான் மிச்சம். இந்த எழவு மட்டும் குறுக்க வராம இருந்திருந்தா அவர் என்ன சொல்றார்னு இந்நேரம் எனக்குக்...

...

என்னம்மா அப்படிப் பாக்கறீங்க? ரோட்டப் பாருங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க.

இல்ல, அது என் மனசுதான். என் மனசு எனக்குத் தெரியாதா? கர்த்தர் பேசினா அது... அது வேற மாதிரி இருக்கும். உடம்பு சிலிர்க்கும். பாட்டுக்குழு அம்மாவுக்கு நீலத்துக்கே சிலிர்த்துச்சாம். இது சும்மா வயித்துல கல்லப் போட்ட மாதிரி கனமா இருக்கு. இதுல என்ன சிலிர்ப்பு?

கேளுங்க, கேளுங்க. ஏன் எப்பவும் இதே தெருவான்னுதான கேக்கறீங்க? அமைதியான தெரு, பயிற்சிக்கு நல்லது. டெஸ்ட்டுல... இல்ல. டெஸ்ட்டுல இந்தத் தெரு வராது. டெஸ்ட் ரூட்டே அந்தப் பக்கம். சரி, சொல்லித்தான் ஆகணும்னா சொல்றேன், அந்தப் பச்சைக் கேட் போட்ட வீடு அண்ணன் வீடு. நேத்து மூணு பேருக்கு க்ளாஸ், மூணு பேரும் இந்த வழியாத்தான் வந்தாங்க. ஒரு பையன் அடுத்த வாரம் நேரா மலை ரோட்டுல டெஸ்ட் குடுக்கப் போறான், அவனையும் இங்கதான் சுத்த விட்டேன். நிறுத்தச் சொன்னதில்ல. வேகத்தக் கொறைங்கன்னு மட்டும் சொல்லுவேன்.

கொறைங்க. ஸ்பீடு பிரேக்கர் ஒண்ணும் இல்ல, சும்மாதான் சொல்றேன்.

அந்த சாட்சியா... சொல்றேன். எங்க சர்ச்சுல சாட்சி நேரம்னு ஒண்ணு உண்டு. மைக் வரிசையா கை மாறி வரும். அன்னைக்கு எனக்கு முன்னாடி ஒருத்தங்க, டாக்டரே கைவிட்ட பிள்ளை பொழைச்சுதுன்னாங்க. எல்லாரும் அழுதாங்க. அடுத்து மைக் என் கைக்கு வந்துச்சு. என்கிட்ட என்ன இருக்கு? ஒரு வருஷமா இன்ஜின் ஆயில் மாத்துனதத் தவிர என் வாழ்க்கைல ஒண்ணும் நடக்கல. நூத்திப் பத்து பேர் என்னையே பாக்கறாங்க. மூணாவது வரிசைல அண்ணன், அண்ணி. அவங்க பக்கத்துல, அண்ணன் பொண்ணுக்குப் பேசி முடிச்ச மாப்பிள்ளையோட அப்பா அம்மா, மொத தடவயா எங்க சர்ச்சுக்கு வந்திருந்தாங்க.

'கர்த்தர் என் அண்ணனக் குடிப்பழக்கத்துலருந்து விடுவிச்சார்'னு சொல்லிட்டேன்.

பொய் இல்லம்மா. நிஜமாவே விட்டிருந்தார். ஏழு மாசம் ஆகியிருந்துச்சு. குடிச்சதே வெளிய யாருக்கும் தெரியாது. விட்டதையும் என்கிட்ட மட்டும்தான் சொல்லியிருந்தார். இதே வண்டில, இந்த சீட்டுல நான், அங்க அவர். ஸ்டீரிங்க பிடிச்சுக்கிட்டு அழுதார். அதத்தான் நான் மைக்ல... எல்லாரும் கை தட்டினாங்க. என் வாழ்க்கைல அப்படி ஒரு கைதட்டல் வாங்கினதில்ல. அண்ணன் எழுந்து வெளிய போனார். அதுக்கப்பறம் சர்ச் வாசப்படிய மிதிக்கல. கல்யாணம் என்னமோ நடந்துச்சு. ஆனா சம்பந்தியம்மா ஒவ்வொரு தடவையும் அண்ணன் பக்கத்துல வந்து உக்காந்தா, மூக்க லேசா இழுத்துப் பாப்பாங்களாம். அண்ணி சொல்லி அழுததா கேள்வி.

அண்ணன் ஒரே ஒரு தடவ ஃபோன் பண்ணார். ஏன் சொன்னன்னு கேட்டார். கர்த்தர் ஏவினார், சொன்னேன்னேன். அவர் வச்சிட்டார்.

யாரும் ஏவலம்மா. சத்தமும் இல்ல, சிலிர்ப்பும் இல்ல. மைக் கைல இருந்துச்சு, சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, அவ்வளவுதான். நான் செஞ்சத கர்த்தர் தலைல தூக்கி வச்சிட்டு, மூணு வருஷம் கழிச்சு, 'நீரே வந்து ஒரு வார்த்தை சொல்லும், அப்பத்தான் போவேன்'னு அவர் வாசல்லயே போய் உக்காந்திருக்கேன். அவர் என்ன செய்வார்? நாப்பது நாளும் சொல்லத்தான் செஞ்சார். எனக்குப் பிடிக்காத பக்கத்துல எழுதி வச்சேன்.

எதுக்கு இங்க நிறுத்தறீங்க? நான் நிறுத்தச் சொல்லலியே. இண்டிகேட்டர், மிரர், ஓரம், ஹேண்ட் பிரேக்... எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கீங்க, குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா நான் சொன்னாத்தானே நிறுத்தணும்? எடுங்க வண்டிய. நான் நாளைக்குக் காலைல ஏர்போர்ட்டுல போய்க்கூட... சரி போக மாட்டேன். அப்படிப் பாக்காதீங்கன்னேன்ல.

சாவிய எதுக்கு எடுக்கறீங்க? டீச்சர்? க்ளாஸ் முடிய இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. எங்க போறீங்க? சாவியக் குடுத்துட்டுப் போங்க... நடந்தே போறீங்களா? டீச்சர்...

கேட் திறக்குது.

ஐயோ, பாதி முடி கொட்டிப் போச்சே.

அண்ணே.

இல்லண்ணே, வண்டி ரிப்பேரெல்லாம் இல்ல. ஓட்டக் கத்துக்கற டீச்சரம்மா சாவிய எடுத்துக்கிட்டு தெருமுனைக்குப் போயிடுச்சு. நான் கூப்பிட்டேன், திரும்பிப் பாக்க மாட்டேங்குது. அந்த அட்டைப் பெட்டியக் கீழ வைண்ணே.

கேளு. நீ அதத்தான் கேப்பேன்னு தெரியும். கர்த்தர் சொல்லி வந்தியான்னு. கேக்கறதுக்கு உனக்கு எல்லா உரிமையும் இருக்கு. ஆனா அவர் பேர நான் இனிமே என் வாயால இழுக்க மாட்டேண்ணே. சொன்னாரா இல்லையாங்கறது அவருக்கும் எனக்கும் உள்ளது. அன்னைக்கு சர்ச்சுல பேசினது நான். உன் மானத்த வாங்கினது நான். அதுக்கு மன்னிப்புக் கேக்க வந்திருக்கறதும் நான்தான், வேற யாரும் இல்ல.

கொஞ்சம் தள்ளி நில்லு, கதவு திறக்கணும்.

ம். இறங்கிட்டேன். திட்டறதுன்னா திட்டு. நீ சொல்லி முடிக்கற வரைக்கும் நான் வாயத் திறக்கல.