இடது கை திரும்பும் வழி

ஒரு மனிதனின் தாடைக்கு நான் வாங்கிய விலை ஒரு கிளாஸ் இஞ்சி டீ. அதுவும் பேசிக்கொண்டிருந்ததில் பாதி ஆறிப்போனது.

சார், இந்த விசாரணையில் நீங்கள் ஆம்புலன்ஸைப் பற்றித்தான் கேட்டீர்கள். வண்டி நேரத்துக்கு வந்தது. டாக்டர் மேடைக்குப் பக்கத்திலேயே இருந்தார். அவர்களை விட்டுவிட்டு என் பேரை எழுதுங்கள். மூஸா நெய்னா, காயல்பட்டினம். தொழில், முத்தும் கல்லும். பொழுதுபோக்கு, குத்துச்சண்டை. ஆன்டனிக்கு நாலு வருஷம் பயிற்சி கொடுத்தது நான்தான். அவன் அடிபட்ட அன்றைக்கு மேடை மூலையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்ததும் நான்தான்.

எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது சரக்கில் குறை கண்டுபிடிக்க. வாய்விட்டுப் பாராட்டினால் விலை ஏறிவிடும். நான் குத்துச்சண்டை பார்த்ததும் அந்தக் கண்ணோடுதான். ஊரெல்லாம் முகம்மது அலியின் கால்களைப் பார்த்தது. குத்து வரும்போது அவர் தலையை நேராகப் பின்னால் இழுப்பதை நான் பார்த்தேன். அந்தத் தலை போய் நிற்கிற இடத்துக்கு ஃப்ரேசியரின் இடது கை ஒருநாள் வந்து சேர்ந்தது. ஜோ லூயிஸ் இடது கையால் ஜாப் என்கிற நேர்க்குத்தை விட்டுவிட்டு, அந்தக் கையைத் தாழ்வாகத் திருப்பிக் கொண்டுவருவார். ஷ்மெலிங் என்கிற ஜெர்மன்காரர் அவருடைய சண்டைப் படங்களைப் போட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். அந்தக் கைக்கு மேலாக வலது கையால் குத்திக் குத்தி, பன்னிரண்டாவது சுற்றில் லூயிஸைப் படுக்கவைத்தார். இரண்டு வருஷம் கழித்து லூயிஸ் அதே ஆளை ஒரே சுற்றில் முடித்தார். குறை அவ்வளவுதான், சார். எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் தீர்ந்துபோகும்.

ஆன்டனிக்கு இருந்தது லூயிஸின் குறை. உப்பு லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். பயிற்சிக்கு வந்த முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஜாப் மின்னல் மாதிரி போகும். திரும்பும்போது கை கன்னத்துக்கு வராது, நெஞ்சுக்கு வரும். நாலு விரற்கடை வித்தியாசம்.

எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம், அவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். அவனே ஒருநாள் கேட்டான். "காக்கா, எங்கிட்ட என்ன கொற இருக்கு? மறைக்காமச் சொல்லுங்க."

"கொறையா? ஏலே, ஒன் இடது கை திரும்புற அழகுக்கே டிக்கெட் போடலாம்."

சிரித்துக்கொண்டே போனான். முத்தில் ஒரு புள்ளி இருந்தால் அந்தப் புள்ளியில்தான் துளை போடச் சொல்வோம். நூல் கோத்துவிட்டால் குறை தெரியாது. அப்படி எத்தனையோ விற்றிருக்கிறேன், ஒருவருக்கும் நஷ்டமில்லை. இவன் குறையையும் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டதாக எனக்கு நானே ரொம்ப நாள் சொல்லிவந்தேன். அது பொய். ஒருவனுடைய குறை நமக்கு மட்டும் தெரிந்திருப்பது, அவன் வீட்டுச் சாவி நம் மடியில் இருப்பது மாதிரி. அந்தக் கனம் எனக்குப் பிடித்திருந்தது.

போன ஆவணியில் அவனுக்குப் புனேயில் ஒரு பயிற்சி முகாமிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பொட்டலம் மக்ரூனோடு வந்து சொன்னான். மாநிலப் போட்டி முடிந்ததும் கிளம்புகிறானாம். அங்கே இருக்கிற கோச் பெரிய ஆளாம். நான் மக்ரூனைத் தின்றேன், வாழ்த்தினேன். கடையை விட்டு இறங்குகிற ஆளைக் கூப்பிடக் கூடாது, நாலு எட்டு வைத்தால் தானே திரும்புவான் என்பது எங்கள் பாடம். இவன் ஒரே ஒரு தடவை தோற்றால் திரும்புவான் என்று நினைத்தேன். தோற்றால் போதும் என்றுதான் நினைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் பெரிய எழுத்தில் வேண்டாம்.

அரையிறுதிக்கு முந்தின நாள் மைதானத்து டீக்கடையில் தாணுலிங்கம் உட்கார்ந்திருந்தார். நாகர்கோவில்காரர். மறுநாள் ஆன்டனியோடு மோதப்போகிற பையனின் கோச்.

"பாய், ஒம்ம பையன்ட்ட குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல" என்றார். "அவன் பொறக்கும்போதே அப்படித்தான் பொறந்திருக்கான். நீரு என்னத்தச் சொல்லிக் குடுத்தீரு? துண்டு வச்சு வேர்வ தொடச்சீரு."

கடைக்காரர்கூடச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

"இடது கை திரும்பிவார வழியப் பாரும்" என்றேன். அவ்வளவுதான். தாணுலிங்கம் சிரிப்பை நிறுத்தினார். எழுந்து என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். பணத்துக்கு விற்றிருந்தால் என்னை வியாபாரி என்றாவது சொல்லலாம்.

முதல் சுற்று ஆன்டனியுடையது. இரண்டாவது சுற்றில் அந்தப் பையன் காத்திருந்து காத்திருந்து, தாழ்ந்த கைக்கு மேலாக வலது கையை விட்டான். ஆன்டனி ஸ்டூலில் வந்து உட்கார்ந்தபோது கண் நிலையாக இல்லை.

"காக்கா, எங்கருந்து வருதுன்னே தெரியல. சொல்லுங்க காக்கா."

ஒரு நிமிஷம் இருந்தது. 'கையைத் தூக்கு' என்று சொல்ல ஒரு விநாடி போதும். என் தோளில் துண்டு கிடந்தது, அதை மேடைக்குள் வீசினால் சண்டை அங்கேயே நிற்கும். நான் அவன் வாயில் தண்ணீர் ஊற்றினேன்.

"ஒண்ணுமில்லலே. அப்படியே ஆடு" என்றேன்.

அப்படியே ஆடினான். என் பேச்சை ஒருநாளும் அவன் தட்டியதில்லை.

மூளையில் ரத்தக்கசிவு. திருநெல்வேலியில் இரண்டு தடவை ஆபரேஷன் செய்தார்கள். பேச்சு வரவில்லை. அவன் மனைவி ஏஞ்சலின் இறால் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போய்ப் பார்ப்பேன். "நீங்க ஒருத்தர்தான் காக்கா வாரீக. மத்தவுக யாரும் எட்டிக்கூடப் பாக்கல" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். நான் உட்கார்ந்துவிடுவேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உட்கார்ந்துவிடுகிறேன், சார். அவள் கொடுக்கிற காப்பியையும் குடிக்கிறேன்.

அவன் இடது கை இப்போது மடங்கி இறுகி, கன்னத்தோடு ஒட்டி நிற்கிறது. வைத்திருக்க வேண்டிய இடம் அதுதான். டாக்டர்கள் அதை இறக்கப் பார்க்கிறார்கள், இறங்கவில்லை.

மேடையில் விழுந்த குத்துகளை எண்ணினேன். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. அந்த வழியாக உள்ளே வந்த வலது கை இரண்டாவது சுற்றில் நாலு, மூன்றாவதில் ஏழு. முதல் நாலும் நான் டீக்கடையில் சொன்னதால் வந்தவை என்றாலும், தாணுலிங்கத்துக்கும் அதில் பங்குண்டு. ஆளுக்குப் பாதி என்றால் என் பேரில் இரண்டு, ஸ்டூலில் நான் சொல்லாமல் விட்டதால் வந்த ஏழு, ஆக ஒன்பது. ஏழில் ஒன்று கையுறையில் உரசிப் போனது, அதைக் கழித்தால் எட்டு.

பாருங்கள், உங்களிடமும் பேரம் பேசுகிறேன்.

பதினொன்று என்றே எழுதுங்கள், சார். எல்லாம் என் பேரில்.