பெயரடைவில் பெஸ்ஸியும் ஜூப்பிட்டரும்

இந்த ஆண்டு விருந்துக்குத் தலைமை தாங்கும் வரலாற்றுச் சங்கத் தலைவர் திரு. வென்டல் ஆம்ஸ் அவர்களே! சங்கத்தின் வம்சாவளி நூலகத்தில் தூசி அமர இடம் கொடாத செல்வி கோரா அவர்களே! முன்வரிசையில் கைத்தடிகளைச் சாத்திவைத்து வீற்றிருக்கும் பெரியோர்களே! பியரோகிக் கொழுக்கட்டை பிடித்த கை காயாமல் சமையலறையிலிருந்து வந்து நிற்கும் தாய்மார்களே! "நூலகத்துப் புத்தகத்தைக் கிழித்தவள் ஒத்தீலியா பெத்ராஷ்" என்று ஊரெல்லாம் பரப்பிவரும் அன்பு அண்டை வீட்டாரே! அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

கடைசியாக விளித்தவர்களுக்கு முதல் பதில். நான் கிழிக்கவில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். பக்கத்தின் நுனியை மடித்தாலே விரல்முட்டியில் அளவுகோல் இறங்கும். நான் அந்தப் புத்தகத்தை மூடினேன். சற்றுச் சத்தமாக மூடினேன். அவ்வளவுதான்.

சிரிக்கிறீர்களா, ஹுத்யாக்? சிரியுங்கள். காரணம் கேட்ட பிறகும் சிரிப்பு மிஞ்சினால் எனக்கும் கொஞ்சம் கொடுங்கள்.

நம் வட்டார வரலாற்று அலமாரியில் மூத்த நூல் எது? பச்சை அட்டை போட்ட மாவட்ட வரலாறு. வேரைத் தேடி வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது எது? அதே பச்சைப் புத்தகம். நம் சங்கம் மறுபதிப்பாக அச்சுக்கு அனுப்பக் காத்திருப்பது எது? அதே பச்சைப் புத்தகம்! அதன் கடைசியில் சேர்க்க, நம் சங்கத்து ஆர்லீன் அம்மையார் பொறுமையாக உழைத்து ஒரு பெயரடைவு செய்திருக்கிறார். நூலில் வரும் பெயர் ஒவ்வொன்றும், பக்க எண்ணோடு. பிழை பார்க்க என்னிடம் தந்தார்.

பார்த்துக்கொண்டே வந்தேன். "பெஸ்ஸி, கோவேறு கழுதை, பக்கம் 212." கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். கழுதைதான். இன்னும் கீழே, "ஜூப்பிட்டர், கோவேறு கழுதை, பக்கம் 212."

நூலகம் போனேன். பக்கத்தைத் திறந்தேன். இரண்டாம் சுரங்கம் வெடித்த கதை. மறைந்த என் கணவர் ஸ்தெஃபானின் தாத்தா, கப்பலேறி இங்கே பிழைக்க வந்த யுராய் பெத்ராஷ், நிலக்கரிக்குள் மாண்ட அதே வெடிப்பு. அங்கே அச்சிட்டிருந்தது இது: "நன்கு பழகிய பெஸ்ஸி, ஜூப்பிட்டர் என்னும் கோவேறு கழுதைகள் இரண்டும், அயல்நாட்டார் சிலரும் மாண்டனர்."

சிலர்! அந்தச் 'சிலருக்கு' முகம் இல்லையா? மூச்சு இல்லையா? முத்தமிட்டு அனுப்பிய மனைவி இல்லையா? சுரங்கத்தில் கரிவண்டி இழுக்கும் கழுதை செத்தால் கம்பெனி இன்னொன்றை விலைக்கு வாங்க வேண்டும். மனிதன் செத்தால் அடுத்த கப்பலில் ஒருவன் வருவான். அதனால் கழுதைக்குப் பெயர், மனிதனுக்குச் 'சிலர்'!

ஆர்லீனிடம் கேட்டேன். "நான் என்ன பண்ணட்டும் ஒத்தீலியா? புஸ்தகத்துல பேரு இருந்தா ஏத்தணும்கிறதுதான் விதி. கழுதைக்குப் பேரு இருந்துச்சு, ஏத்திட்டேன்" என்றார். அழுதேவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

புத்தகத்தை மூடினேன் என்றேனே, அந்தச் சத்தத்துக்கு ஓடிவந்த செல்வி கோரா, பக்கத்தைப் பார்த்ததும் வெளிறிப் போனார். "ஐயோ, உங்க வீட்டுக்காரர் இதைப் பார்த்துட்டாரு. ரொம்ப நாள் முன்னாடியே" என்றார்.

என்ன! தாத்தாவைத் தேடிச் சனிக்கிழமைதோறும் நூலகம் போனவர் அவர். "கிடைச்சாரா?" என்று கேட்பேன். "இன்னும் இல்லடி. காபி இருக்கா?" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

கோரா சொன்னார்: "பார்த்துட்டுச் சிரிச்சாரு. 'என் பொண்டாட்டி கண்ணுல மட்டும் காட்டிடாதீங்க, சங்கத்தையே கொளுத்திடுவா'ன்னாரு. அப்புறம் ரொம்ப நேரம் எழுந்திரிக்கவே இல்ல."

அவமானத்தைத் தனியாக விழுங்கிவிட்டு, வீடு வந்து காபி கேட்ட மனிதரோடு நாற்பதாண்டு வாழ்ந்தேன், அறியவில்லை. அந்தப் பக்கத்தை நின்றபடியே மறுபடி திறந்தேன். கோராதான் நாற்காலி போட்டார்.

தலைவர் அவர்களே, உங்களிடமும் வந்தேன். "மறுபதிப்புன்னா இருந்தது இருந்தபடிதாங்க. பழசுல கை வைக்கக் கூடாது" என்றீர்கள். வைக்க வேண்டாம்! ஒரு எழுத்தையும் தொட வேண்டாம்! பழைய நூலில் பெயரடைவு இருந்ததா? இல்லை. அதை நாம் சேர்க்கவில்லையா? கழுதைகளுக்காகச் சேரும் காகிதம் மனிதர்களுக்காகச் சேராதா?

எந்தப் பெயர் என்கிறீர்களா? நம் கோவிலின் பின்சரிவில், அந்த வெடிப்பில் மாண்டவர்களின் கல்லறைக் கற்களில் இருக்கிறது. ஏறிப் போய்ப் படித்தேன். யுராய் பெத்ராஷ். ஆந்த்ரே சபோல். யானோ லெஸ்கோ... யார் அங்கே எழுந்தது? லெஸ்கோ வீட்டுப் பெண்ணா? நில்லம்மா, நன்றாக நில். மிகால் ஹுத்யாக். ஆம் ஹுத்யாக், உங்கள் கொள்ளுத் தாத்தா. இப்போது நீங்கள் சிரிக்கவில்லை. ஒரு கல் மட்டும் மழையில் தேய்ந்துவிட்டது. விரலால் தடவியும் படிக்க முடியவில்லை. அவருக்கும் ஒரு வரி விடுங்கள்: "பெயர் தெரியாத ஒருவர்." சிலர் அல்ல. ஒருவர்!

எழுந்து நிற்கும் எல்லோருக்கும் நன்றி. பொறுமையாகக் கேட்ட பெரியோர்க்கும், ஆறிப்போகும் பியரோகியை எனக்காக மறந்த தாய்மார்க்கும் நன்றி, வணக்கம்.

தலைவர் அவர்களே, பெயரடைவு அச்சுக்குப் போகுமுன் இந்த ஐந்து பேரும் அதில் சேர்வார்களா, மாட்டார்களா? தொலைபேசி வேண்டாம். எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு, என் வீட்டு முகவரிக்குப் பதில் அனுப்புங்கள்.