தெருப்பக்கத்து மணி

ஆயுதபூசைக்கு மாவிலைத் தோரணம் கட்டப் போய், பஞ்சு குடோனுக்குள் மழையை வரவழைத்த ஒரே மில் பிட்டர் இந்தச் சங்கரன்கோவிலில் நான்தான். ஏணியை நிமிர்த்தும்போது அதன் நுனி கூரைக் குழாயில் தொங்கிய கண்ணாடிக் குமிழில் இடித்துவிட்டது. தீப்பிடித்தால் சூட்டில் உடைந்து தண்ணீர் கொட்டவேண்டிய குமிழ். அவலும் பொரிகடலையும் மேனேஜரின் புது வேட்டியும் ஒரே குளத்தில் மிதந்தன. வெளிச்சுவரில் மணி அடித்ததும் எதிர்த்த தறிக்காரத் தெருவே குடமும் வாளியுமாக ஓடிவந்தது. ஏணியில் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, அந்த மணியைப் பற்றித் தெரியாமல் துரைப்பாண்டி செத்ததை எழுதினால் பிழையாகிவிடும். அதற்குக் கரண்ட் வேண்டாம். குழாயில் தண்ணீர் பாய்ந்தால் சின்னச் சக்கரம் சுற்றும், சுத்தியல் தட்டில் அடிக்கும். கட்டடத்துக்கு வெளியே, தெருவைப் பார்த்துத்தான் அது இருக்கவேண்டும் என்பது இன்சூரன்ஸ்காரர்கள் போட்ட சட்டம். நியாயமான சட்டம். உள்ளே மாட்டிக்கொண்டவனுக்குத் தீ தானாகவே தெரியும். தெரியவேண்டியது வெளியே இருப்பவனுக்கு.

குடோன் சூப்பர்வைசர் துரைப்பாண்டிக்கு மணி வெளியே இருப்பது ஆகவில்லை. அந்த மழைக்குப் பிறகு, மணியைச் சோதிக்கும் நாளெல்லாம் முதலில் நான் தெருவில் வீடுவீடாகப் போகவேண்டும் என்று ஏற்பாடு செய்தான். "இன்னைக்கு டெஸ்ட்டு, யாரும் குடந்தூக்காதிய" என்று ராகம் போட்டுச் சொல்வேன். பெண்கள் சிரிப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மில் லீவு. குடோனில் நானும் அவனும்தான். மணியைக் கழற்றி ஆபீசுக்குள் மாட்டச் சொன்னான்.

"சார், வெளியதான் இருக்கணும்."

"ஊருக்கு எதுக்குவே தெரியணும்? உதவிக்கு வாறம்னு உள்ள புகுந்து பஞ்சத் தூக்கிட்டுப் போவானுவ. மணியக் கழத்துதியா, இல்ல ஒன் வேலையக் கழத்தட்டுமா?"

என் கன்னத்தில் இரண்டு தட்டும் தட்டினான். செல்லமாகத்தான்.

கையில் பைப் ரெஞ்சு இருந்தது. முதல் அடி முழங்காலில். துருப்பிடித்த குழாய் மூட்டோடு மல்லாடிப் பழகியவன் நான். முழங்கால் மூட்டு அவ்வளவு வம்பு செய்வதில்லை. இரண்டாவது அடி தலையில். மூன்றாவது அவசியமில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

அப்போதும் அவனுக்கு உயிர் இருந்தது. கதவை நோக்கி ஊர்ந்தான். நான் வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். இந்த இடத்தைத்தான் ஐயா நீங்கள் நிதானமாக எழுதவேண்டும். கொல்ல நினைப்பவன் ரெஞ்சைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். நான் வெளிச்சுவரில் இருக்கும் சோதனைத் திருகைத் திறந்து மணியை அடிக்கவிட்டேன். அன்றைக்குத் தெருவில் போய் டெஸ்ட் என்று சொல்லவுமில்லை. சொல்லாமல் அடித்தால் நிஜ மணி என்று அங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அவன் பிழைப்பதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்யவில்லை, ஊரிடம் விட்டேன்.

உள்ளிருந்து அவன் கதவைப் பிறாண்டினான். முதலில் என் பெயரைச் சொன்னான். பிறகு அவன் அம்மையைக் கூப்பிட்டான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கோழி அறுப்பதைக்கூட நின்று பார்க்கமாட்டாதவன் நான். பிறாண்டல் நின்றபிறகுதான் திருகை மூடினேன். அதுவரை தெருவிலிருந்து உதவிக்கு ஒரு ஆள் இல்லை.

ஆக, அடித்தது நான். சாகவிட்டது தெரு. இந்த வித்தியாசத்தை எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன் என்று காலையிலிருந்து சொல்கிறேன். ஏன் யாரும் வரவில்லை என்று கேட்டால் ஏட்டையா சன்னலுக்கு வெளியே பார்க்கிறார். தெருவிலிருந்து சாட்சி சொல்ல வந்திருக்கும் தறிக்கார உச்சிமாகாளி, "அதக் கோர்ட்ல கேளும்வே" என்கிறார். நீங்கள் பேனாவை மூடி மூடித் திறக்கிறீர்கள். அதனால்தான் பூமாரியைக் கூட்டிவரச் சொன்னேன். குடோனுக்கு நேர் எதிர்வீடு. சூதுவாது தெரியாத பிள்ளை. இதோ வந்துவிட்டாள்.

"ஏட்டி பூமாரி, பயப்படாம ஐயாகிட்டச் சொல்லு. மணி கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு அண்ணாச்சி."

"கேட்டும் ஏன் ஒருத்தரும் வரல?"

அவள் ஐயாவை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வந்தோம்லா. நான் குடத்தத் தூக்கிட்டுக் கதவு வரைக்கும் வந்தேன், எனக்குப் பொறத்தால தெருவே வந்துச்சு. நீங்கதான் கதவுல முதுகக் குடுத்து நின்னுக்கிட்டு, 'டெஸ்ட்டுதான் மக்கா, சொல்ல மறந்துட்டேன், போய்ச் சோத்தப் பாருங்க'ன்னு சிரிச்சிய. ஒங்கள நம்பித்தான் அண்ணாச்சி திரும்பிப் போனோம்."