நண்பனின் பொருள் நண்பனிடம்

உங்கள் ஷெரீஃப் அலுவலகத்துக் காபி நன்றாகவே இருக்கிறது, டெபுடி. எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்தில் வியாழக்கிழமைதோறும் ஊற்றுகிற காபியை நீங்கள் குடித்திருந்தால், இதை இப்படி ஓரமாகத் தள்ளிவைத்திருக்க மாட்டீர்கள். அந்தக் காபியில் துணியை நனைத்து ஒரு பழைய துப்பாக்கிக் குழாயைத் துடைத்துப் பார்த்திருக்கிறேன். துரு போய்விட்டது.

"வீட்டுக்குப் போங்க ஹாலிஸ், இதுல கேஸே இல்ல" என்று இரண்டு முறை சொல்லிவிட்டீர்கள். கேஸ் இல்லை என்பது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். கைத்துப்பாக்கிச் சட்டங்களை என் அளவுக்குப் படித்தவர் இந்த மாவட்டத்தில் வேறு யாருமில்லை. படித்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்கும், படிப்பதை நிறுத்தியிருப்பார்கள். ஆல்டன் தர்லோ விஷயத்தில் நான் செய்ததை வரிசையாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன்.

நான் ஆபத்தான ஆள் இல்லை. முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் மாட்டியவன். குறிபார்த்துச் சுடும் பழைய ரிவால்வர்களைச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. பதினான்கு வைத்திருக்கிறேன். எண்ணெய் போடுகிறேன், காகித வட்டத்தைச் சுடுகிறேன், மறுபடி எண்ணெய் போடுகிறேன். இதுவரை காகிதம் தவிர நான் சுட்டது என் சொந்த கராஜின் ஜன்னல் ஒன்றுதான். "பதினாலு துப்பாக்கி, ரெண்டு கை. கணக்கு எங்கயோ உதைக்குதே" என்பாள் என் மனைவி அர்லீன். தபால்தலை சேர்ப்பவனிடம் யாரும் நாக்குகளை எண்ணிக் காட்டுவதில்லை என்பேன்.

இந்தக் குளிர்காலத்தில் சட்டசபையில் ஒரு மசோதா வந்தது. கைத்துப்பாக்கி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனாலும் கடைக்காரர் வழியாகத்தான் போக வேண்டும். படிவம் நிரப்ப வேண்டும். ஏழு நாள் காத்திருக்க வேண்டும். நண்பனுக்கு நண்பன் கொடுத்தாலும் அப்படித்தான். எனக்கு இரத்தம் கொதித்தது. எங்கள் வாரப் பத்திரிகைக்கு ஆறு கடிதம் எழுதினேன். நான்கைப் போட்டார்கள். ஐந்தாவதில் எண்ணூறு வருடப் பழைய உரிமைச் சாசனம் மாக்னா கார்ட்டா வரைக்கும் போயிருந்தேன், இடம் பற்றவில்லை. கடிதங்களுக்கெல்லாம் ஒரே தலைப்பு: 'நண்பனின் பொருள் நண்பனிடம்.' இன்று துப்பாக்கிக்கு ஏழு நாள் என்றால் நாளை சுத்தியலுக்கு ஏழு நாள் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதை ஒரு ஆணிக் கடைக்காரர் வெட்டி ஒட்டிவைத்திருந்தார். அன்று அவர் கடையில் எனக்குத் தேவையில்லாத இரண்டு கதவுக் கீல் வாங்கினேன்.

ஆல்டன் எனக்கு நாற்பது வருடப் பழக்கம். சங்கத்தில் அவனுடைய இடம் என் இடத்துக்கு அடுத்தது. என்னைவிட நன்றாகச் சுடுவான், அதைச் சொல்லாமல் இருக்கவும் தெரிந்தவன். நவம்பரில் அவன் மனைவி கேரல் இறந்துபோனாள். டிசம்பரில் ஒருநாள் மதியம், சாப்பாட்டு டப்பாவில் ரிவால்வரை வைத்து எடுத்துக்கொண்டு என் கராஜுக்கு வந்தான். தோட்டாப் பெட்டியும் கூடவே.

"இது கொஞ்ச நாள் உன்கிட்ட இருக்கட்டும்டா. வீட்டுல வேணாம்."

"ஏன், எலி தொல்லையா?" என்றேன். நான் அப்படித்தான். சாவு வீட்டிலும் வாய் சும்மா இருக்காது.

"ஆமா, பெரிய எலி. என் சட்டையைப் போட்டுக்கிட்டு நடமாடுது" என்றான் ஆல்டன்.

இரண்டு பேரும் சிரித்தோம். நான் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இன்னும் ஏதோ இரண்டொரு வார்த்தை பேசிக்கொண்டோம், பிறகு போய்விட்டான். இதுவரைக்கும் நான் செய்தது நல்ல காரியம். குறித்துக்கொள்வதாக இருந்தால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ச்சில், மசோதாவைப் பரிசீலிக்கும் சட்டசபைக் குழுவின் முன்னால் பொதுமக்கள் கருத்துச் சொல்லும் நாள் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை. ஆளுக்கு மூன்று நிமிடம். மாநிலத் துப்பாக்கிச் சங்கங்களின் செயலாளர் எனக்கு போன் பண்ணினார்.

"புள்ளிவிவரமெல்லாம் அவங்ககிட்ட இருக்கு சார். நமக்கு ஒரு மனுஷன் வேணும். உங்க லெட்டர் மாதிரி, ஆனா மாக்னா கார்ட்டா வேணாம்."

"என்ன மாதிரி மனுஷன்?"

"மனசு சரியில்லாதப்ப ஒருத்தர் துப்பாக்கியை நண்பர்கிட்ட குடுக்கிறார். தேறினதும் நண்பர் திருப்பிக் குடுக்கிறார். படிவம் இல்ல, கவர்ன்மென்ட் இல்ல. ரெண்டு மனுஷங்க, அவ்வளவுதான். அப்படி யாராவது தெரியுமா?"

"எனக்கே நடந்தது" என்றேன்.

பாதி நடந்திருந்தது. மீதிப் பாதிக்கு ஆல்டன் செவ்வாய்க்கிழமைக்குள் தேறியாக வேண்டும்.

அவன் தேறிக்கொண்டுதான் இருந்தான் என்பதற்கு என்னிடம் சான்றுகள் இருந்தன. வாசற்படியில் பனியைத் தள்ளியிருந்தான். சனிக்கிழமை சர்ச்சில் போட்ட பீன்ஸ் விருந்தில் இரண்டு தட்டு சாப்பிட்டான். சவரம் செய்திருந்தான். தாடையில் ஓரிடம் விட்டுப்போயிருந்தது, ஆனால் எனக்கும் அங்கே விட்டுப்போகும். நான் டாக்டர் இல்லை. ஆனால் முப்பத்தொரு வருடம் பிரேக் பார்த்தவனுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று ஒரு கணிப்பு இருக்கும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். அதே சாப்பாட்டு டப்பா.

"என்னடா, பீன்ஸ் மிச்சமா?" என்றான்.

"உன் பொருள்."

டப்பாவைப் பார்த்தான். கையை நீட்டவில்லை.

"நான் கேக்கலியேடா."

"கேட்டாத்தான் குடுக்கணுமா?"

"உன்கிட்டயே இருக்கட்டும் ஹாலிஸ். அங்க அதுக்குத் துணையா பதினாலு பேர் இருக்காங்க. இங்க நான் ஒருத்தன்தான்."

அதை வேடிக்கையாகத்தான் சொன்னான். நானும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன்: செவ்வாய்க்கிழமை, மூன்று நிமிடம், குழு.

"'நண்பன் தேறிட்டான், திருப்பிக் குடுத்துட்டேன்'னு சொல்லப்போறேன். குடுக்காம சொன்னா அது பொய்யாயிடும்."

"அப்ப, இன்னும் குடுக்கலன்னு சொல்லேன்."

"அப்படிச் சொன்னா அவங்க பக்கம் பேசின மாதிரி ஆயிடும்டா."

ஆல்டன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நான் தேறிட்டேனா?" என்று கேட்டான். கிண்டலாக இல்லை. தபாலில் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்பது மாதிரி.

"பாத்தா அப்படித்தான் தெரியுது."

"சரி, நீ இத்தனை லெட்டர் எழுதியிருக்க. வீணாப் போகக் கூடாது. அந்த மேசை மேல வை."

எங்கள் பழக்கப்படி தோட்டா உருளையைத் திறந்து, ஆறு துளையும் காலி என்று காட்டிக் கொடுத்தேன். அவனும் வாங்கி, திறந்து பார்த்து, குழாயைத் தரைப் பக்கம் திருப்பி, விரலை விசையில் படாமல் நீட்டி வைத்துக்கொண்டான். சங்கத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைத்தான் மூன்று வாரம் சொல்லித்தருகிறோம். துப்பாக்கியை இவ்வளவு மரியாதையாகப் பிடிக்கிற ஒரு மனிதனைப் பற்றிப் பயப்பட என்ன இருக்கிறது என்று யோசித்தேன். அந்த வாக்கியத்தைப் பேச்சில் சேர்த்தும் கொண்டேன். தோட்டாப் பெட்டியையும் பக்கத்தில் வைத்தேன். வாங்கியதைக் குறையாமல் திருப்பித் தருவதுதானே முறை.

செவ்வாய் காலை தலைநகரில், குழு அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். என் எண் இருபத்து மூன்று. பதினெட்டாம் ஆள் பேசும்போது என் போன் அடித்தது. ஆல்டனின் தங்கை மாக்சின். ஆல்டன் திங்கட்கிழமை சாயங்காலமே இறந்துவிட்டான் என்று சொன்னாள். காலையில் ரொட்டி கொடுக்கப் போனவள்தான் பார்த்திருக்கிறாள். வேறு எதுவும் அவளால் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"அவனோட ரிவால்வர் உங்ககிட்டதானே இருந்துச்சு, ஹாலிஸ்?"

"இருந்துச்சு" என்றேன். "மாக்சின், என்னைக் கூப்பிடுறாங்க."

கூப்பிடவில்லை. இன்னும் நான்கு பேர் பாக்கி இருந்தார்கள். ஒரு நர்ஸ், ஒரு பாதிரியார், இரண்டு கடைக்காரர்கள். அத்தனை பேர் பேசுவதையும் முழுசாகக் கேட்டேன். எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். பேச்சில் நடுப்பகுதியை எடுத்துவிட்டு மாக்னா கார்ட்டாவைச் சேர்த்திருக்கலாம். ஆனால் பேச்சு சரியாக மூன்று நிமிடத்துக்கு அமைந்திருந்தது. அர்லீன் சமையலறை டைமரை வைத்துப் பார்த்திருந்தாள்.

பேசினேன். நன்றாகவே பேசினேன். நண்பனின் பொருள் நண்பனிடம் என்று முடித்தபோது பின்வரிசையில் மூக்கைச் சிந்தினார்கள். குழுவில் ஒரு அம்மாள், ஓய்வுபெற்ற ஆசிரியை போல இருந்தார், கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்:

"உங்க நண்பர் இப்ப எப்படி இருக்கார்?"

"இப்ப அவனுக்கு ஒரு கஷ்டமும் இல்லம்மா" என்றேன்.

நான் பொய் சொல்கிறவன் இல்லை.

அன்று பிற்பகலே குழு மசோதாவைத் தள்ளுபடி செய்தது. ஏழு ஓட்டுக்கு ஆறு ஓட்டு. அந்த ஏழாவது உறுப்பினர் தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க நண்பர் கதைதான் சார் என் மனசை மாத்துச்சு. அவருக்கு என் அன்பைச் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன். சனிக்கிழமை சவப்பெட்டியை இடது பக்கம் தூக்கினவன் நான். அப்போது சொல்லியிருக்கலாம், மறந்துவிட்டேன்.

அடக்கம் முடிந்த பிறகு மாக்சின் என்னைக் கட்டிக்கொண்டாள். "இத்தனை மாசம் வெச்சிருந்து காப்பாத்தினீங்க. அவனா வந்து அடம்பிடிச்சா நீங்க என்ன பண்ண முடியும்?" என்றாள்.

"ஆல்டனைத்தான் உனக்குத் தெரியுமே" என்றேன்.

அதுவும் பொய் இல்லை. அவளுக்கு அவனைத் தெரியும்.

அவள் அதையே உங்களிடமும் சொல்லியிருக்கிறாள். நீங்களும் அறிக்கையில் 'இறந்தவர் தன் நண்பரிடம் கேட்டு ரிவால்வரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று அர்லீன் அதன் நகலை வாங்கிவந்து எனக்குப் படித்துக் காட்டினாள். படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அவன் இங்க வரவே இல்லையே, ஹாலிஸ். நீதானே டப்பாவை எடுத்துக்கிட்டுப் போன" என்றாள். அதன்பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நான் வந்தது அந்த வரிக்காகத்தான்.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள், டெபுடி. இன்னும் ஒன்றுதான். கராஜில் இரண்டொரு வார்த்தை பேசிக்கொண்டோம் என்று சொன்னேன் இல்லையா, அதைக் குழுவிடம் சொல்லவில்லை, இங்கேயும் தாண்டிப் போய்விட்டேன். அலமாரியைப் பூட்டி சாவியைப் பையில் போட்டபோது ஆல்டன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நானே வந்து கேட்டாலும் உடனே குடுத்துராதடா. சாவியைக் காணோம், அர்லீன் ஊர்ல இல்லன்னு ஏதாவது சொல்லு. ஒரு வாரம் இழுத்தடி. ஒரு வாரம் போனா எனக்குச் சரியாயிடும்."

"ஒரு வாரம்தானே, விடு" என்று வாக்குக் கொடுத்தேன்.

அதனால்தான் அந்த வரியைத் திருத்தச் சொல்கிறேன். அவன் கேட்டு நான் கொடுத்ததாக எழுதினால், ஒரு வாரம் பொறுக்காமல் கொடுத்தேன் என்று ஆகிவிடும், வாக்குத் தவறியவன் ஆகிவிடுவேன். ஆல்டன் கேட்கவே இல்லை. நானாகத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நான் வாக்குத் தவறவில்லை.